எரிந்த டொரினோவுக்கு ஓர் இருக்கை

எரிந்துபோன காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கியபோது ஓஃபெலியா அழவில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டாள். ரப்பரும் பஞ்சும் ஒயரும் சேர்ந்து எரிந்த நாற்றம் தெருக்கோடி ரொட்டிக்கடை வரைக்கும் போயிற்று. லாரியிலிருந்து கடைசியாக இறங்கிய அவள் புருஷன் ஹிலாரியோவுக்கு இரண்டு புருவமும் கருகியிருந்தன. மற்றபடி ஆள் முழுசாக இருந்தான். அதை நன்றாகப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"ஊர்ல இருக்கற ஓட்டை வண்டிக்கெல்லாம் பெட்ரோல் குழாய் மாத்துற. உன் வண்டிக்கு மாத்தத் தெரியல, அப்படித்தானே?"

"குழாய்தான்னு உனக்கு யாரு சொன்னா?"

"உன் மூஞ்சி சொல்லுது."

குழாய்தான். காய்ந்து வெடித்த ரப்பர்க் குழாயிலிருந்து பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் சொட்டி, குப்பென்று பிடித்து, முன்மூடியைத் தின்றுவிட்டு உள்ளே நுழைந்திருந்தது. ஹிலாரியோ முப்பது வருஷமாக மெக்கானிக். இப்படி ஒரு காரணத்துக்காக வண்டியைக் கொளுத்திக்கொண்டு வந்தால் ஆல்தா கிராசியா ஊரே அடுத்த கிறிஸ்துமஸ் வரை சொல்லிச் சிரிக்கும். எங்கே எரிந்தது என்று கேட்டதற்கு, அல்மாஃபுவெர்த்தே போகிற வழியில், பழைய கியர்பெட்டி ஒன்றைப் பார்க்கப் போனேன், தனியாகத்தான் போனேன் என்றான். கேட்காத கேள்விக்கும் அவன் பதில் சொன்னதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

அது சிவப்பு டொரினோ கூபே, இரண்டே கதவு வைத்த பழைய கார். கொர்தோபா மாகாணத்தில் அந்த வண்டியைப் பற்றித் தப்பாகப் பேசினால் சொந்தத் தம்பியே அடிக்க வருவான். ஹிலாரியோ அதைத் துருப்பிடித்த கூடாக வாங்கி எழுப்பினான். உள்ளே இருந்த கறுப்பு இருக்கைகளைத் தைத்தவள் ஓஃபெலியா. வீட்டின் முன்கட்டு அவளுடைய இருக்கை தைக்கும் கடை, பின்கட்டு அவனுடைய பட்டறை. நடுவில் ஓர் அடுக்களை, ஒரு படுக்கையறை, பூட்டிக் கிடக்கும் இன்னோர் அறை.

பூட்டிய அறை எலிசேயோவுடையது. அவர்களுடைய ஒரே பிள்ளை. இருபது வயதில் யனினாவைக் கட்டிக்கொண்டு அந்த அறையில்தான் குடியிருந்தான். யனினாவுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவள் படுத்திருந்தபோது, ஓஃபெலியா அடுக்களையில் நின்று தன் தங்கையிடம் தொலைபேசியில், "ஒழுங்கா ஒரு இடத்துல உக்காந்திருந்தா குழந்தை தங்கியிருக்கும். இவ சைக்கிள்ல ஊர் சுத்தினா?" என்றாள். தையல் எந்திரத்தின் சத்தத்துக்கு மேலே பேசியே பழகியவள் அவள், மெல்லப் பேச வராது. கதவோ ஒட்டுப்பலகைக் கதவு.

எலிசேயோ வெளியே வந்து அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். கத்தியிருந்தால் தேவலை. அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண்டாட்டியோடு ரியோ குவார்த்தோவுக்குப் போனவன் ஆறு வருஷமாகத் திரும்பவில்லை. அவள் அனுப்பிய செய்தி எதற்கும் பதில் இல்லை. ஒரு தடவை பஸ் பிடித்து நேரிலேயே போனாள். இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "போயிடும்மா," என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு வாசலில் எந்த வண்டி நின்றாலும் அவள் ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். வாடிக்கையாளர்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பயல் ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வர வேண்டும்.

எரிந்த வண்டியைப் பார்க்க குண்டன் பசான் வந்தான். பேர் அப்படித்தான், தபால்காரன்கூட குண்டன் என்றுதான் கூப்பிடுவான். பந்தய வண்டிகளுக்குள் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு வெல்டிங் செய்வது அவன் தொழில். எலிசேயோவுக்கு ஞானத்தகப்பனும் அவன்தான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கருகிய கதவைத் தட்டிப் பார்த்தான்.

"ரோட்டு வண்டியா இனி இது எந்திரிக்காதுப்பா. ஒயர் இல்ல, கண்ணாடி இல்ல, உள்ள ஒரு மண்ணும் இல்ல. ஆனா பந்தய வண்டின்னா பாதி வேலைய நெருப்பே முடிச்சுக் குடுத்துடுச்சு. கம்பளத்தப் பிய்க்கணும், கூரைத்துணியப் பிய்க்கணும்னு நான் கூலி வாங்குவேன். இங்க பிய்க்க என்ன இருக்கு?"

"அப்ப பந்தய வண்டியாவே பண்ணிடலாம்," என்றான் ஹிலாரியோ.

ஓஃபெலியா வாய்விட்டுச் சிரித்தாள். "யாரு ஓட்டறது? நீயா? கக்கூஸ்ல உக்காந்து எந்திரிக்கவே உன் முட்டிக்கு ஆள் வேணும்."

"ஓட்டறதுக்கு ஆளா இல்ல," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அறுபது வயதில் வந்த கிறுக்கு என்று நினைத்தாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. எலிசேயோ போனதிலிருந்து அவளும் ஹிலாரியோவும் ஒரே வீட்டில் இரண்டு கடைக்காரர்கள் மாதிரிதான் இருந்தார்கள். ஒரு வண்டியில் இரண்டு பேரும் குனிந்து வேலை செய்தால் பேச்சாவது வரும் அல்லவா? உள்பக்க வேலையை நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

எரிந்த தகரத்தைச் சும்மா விடக் கூடாது. வண்ணம் போன இடத்தில் ஒரே வாரத்தில் துரு ஏறிவிடும். ஹிலாரியோ எஞ்சினை இறக்கிக்கொண்டிருக்க, ஓஃபெலியா கம்பித் தூரிகையும் முகமூடியுமாக உள்ளே ஏறினாள். ஓட்டுநர் இருக்கையை முதலில் கழற்றிவிட்டாள். அவளே தைத்த இருக்கை. இப்போது வெறும் ஸ்பிரிங். அடுத்தது பக்கத்து இருக்கை. அதற்குப் பின்பக்கப் போல்ட்டுகளில் ஸ்பேனர் போகவில்லை. இருக்கை பின்னுக்குத் தள்ளியிருந்தால் போகாது, முன்னால் இழுத்தால்தான் போகும். இழுத்தாள். அசையவில்லை. நகர்கிற சட்டமும் தரைச் சட்டமும் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. டீசல் ஊற்றி, சுத்தியலால் நாலு போடு போட்டபோதுதான் அவள் கை நின்றது.

ஓஃபெலியா குள்ளம். அவள் உட்காரும்போது அந்த இருக்கையைக் கடைசிவரை முன்னுக்கு இழுத்துக்கொள்வாள், அப்படியும் கால் தரையைத் தொடத் தவிக்கும். இப்போது அது சட்டத்தின் கடைசிப் பல்லில், எவ்வளவு பின்னால் போகுமோ அவ்வளவு பின்னால் நின்று ஒட்டியிருந்தது. நெட்டைக்கால் உள்ள ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்த இடம் அது. குண்டனாக இருக்க முடியாது. அவன் அந்த வண்டியில் ஏறமாட்டான், ஏறினால் இறக்குவதற்கு ஆள் வேண்டும்.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு உட்காராமல் நின்றாள்.

"வண்டி எரிஞ்சப்போ பக்கத்துல யாரு இருந்தா?"

"யாரும் இல்லையே."

"இருக்கை கடைசிப் பல்லுல ஒட்டிக்கிச்சு, கிழவா. நான் உக்காந்தா அது எங்க நிக்கும்னு உனக்குத் தெரியும்."

ஹிலாரியோ வாயில் இருந்ததை மென்றான். விழுங்குவதற்கு ரொம்ப நேரம் பிடித்தது. "ஒரு பொம்பளை," என்றான்.

"உயரமா?"

"ம்."

"பேரு?"

அவள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு, "ரீத்தா," என்றான்.

அவள் தட்டைத் தூக்கி எறியவில்லை. அதை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்கட்டில் நாய்க்கு வைத்தாள். திரும்பி வந்து அவனுடைய மெத்தையைச் சுருட்டிப் பட்டறையில் போட்டாள். "அங்கயே படு. அந்த வண்டியக் கட்டிக்கிட்டுப் படு."

அவன் மெத்தைக்குப் பின்னாலேயே போனான். மன்னிப்புக் கேட்டிருந்தால் செருப்பால் அடித்திருப்பாள். கேட்காததற்கும் மனம் எரிந்தது.

விஷயம் தெரிந்ததும் தங்கை தொலைபேசியில் கத்தினாள். "அப்புறமும் அந்த வண்டியில போய் ஏன் உக்காந்து சுரண்டிட்டிருக்க? உனக்கு வெக்கமே இல்லையா?"

"அவ உக்காந்த இடத்த நானே சுரண்டி எடுக்கணும். வேற யாரும் எடுக்கக் கூடாது," என்றாள் ஓஃபெலியா.

சொன்னபடியே செய்தாள். பக்கத்து இருக்கை இருந்த தரையை, கருகிய தாரும் பஞ்சும் போய், சாம்பலும் போய், வெள்ளைத் தகரம் பளபளக்கும்வரை தேய்த்தாள். இடது தோள் விட்டுப்போனது. ஒருத்தியின் நெட்டைக் கால்களை நினைத்துக்கொண்டு தேய்த்தாள். இந்த வயதில் கண்ணாடி முன்னால் நின்று தன்னை அளந்து பார்க்கவும் பார்த்தாள், அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆறு வருஷத்துக்கு முன் ஒருவன் போனான், இப்போது இன்னொருவனும் போகப்போகிறான், இந்த வீட்டில் தையல் எந்திரத்தோடு நான் பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று தோன்றியது. தேய்த்த இடத்துக்குச் சாம்பல்நிற வண்ணம் அடித்தாள். நன்றாகத்தான் அடித்தாள். கோபத்தில் வேலையைக் கெடுக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

குளிர்காலம் முழுக்க இப்படியே போயிற்று. மாத்தே தேநீர்க் குடுவை மட்டும் அவர்களுக்கு நடுவே போய் வந்தது. வெந்நீர் ஊற்றி நீட்டுவாள், அவன் உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தருவான், இரண்டு பேரும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். டொரினோ மெல்ல வேறொன்றாக மாறியது. கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு வந்தது. கடிகாரமும் வானொலியும் இருந்த இடத்தில் ஓர் அலுமினியத் தட்டும், மின்சாரத்தை ஒரே இழுப்பில் வெட்டும் சிவப்புக் கைப்பிடியும் வந்தன. நெருப்பணைக்கும் உருளையை ஹிலாரியோ இரண்டாக மாட்டினான். புதுப் பெட்ரோல் குழாயை உலோகத்திலேயே போட்டான். ஒரு தடவை பட்டவன் அல்லவா!

குண்டன் கூண்டை வெல்டிங் செய்ய வந்தபோது வழக்கமான கேலி எதுவும் அவனிடம் இல்லை. ஓஃபெலியா உள்ளே வந்தால் முகமூடிக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்வான்.

"என்ன குண்டா, நெருப்பே காணோம், எதுக்கு மூஞ்சிய மூடற?"

"கண்ணுக்கு நல்லது ஓஃபி."

"உனக்கும் அந்த ரீத்தாவத் தெரியுமா?"

"எந்த ரீத்தா?" என்றான் குண்டன். உடனே ஞாபகம் வந்தவன் போல, "ஆ, அந்த ரீத்தா," என்று சொல்லிவிட்டு வெல்டிங் கம்பியை எடுத்துக்கொண்டான்.

ஓட்டுநர் இருக்கை பொருத்த வேண்டிய நாள் வந்தது. பந்தய வண்டியில் இருக்கை நகராது. ஓட்டுபவனுடைய காலுக்கும் கைக்கும் அளந்து, கூண்டோடு சேர்ந்த குறுக்குக் குழாயில் ஒரே இடத்தில் போல்ட் போட்டு இறுக்கிவிடுவார்கள். அந்த அளவு அந்த ஒருவனுக்குத்தான். ஓஃபெலியா மெத்தை வைத்துத் தைக்கவேண்டிய வெறும் இருக்கைக் கூட்டை எடுத்துக்கொண்டு வந்து உள்ளே வைத்துப் பார்த்தாள். குறுக்குக் குழாய் ரொம்பப் பின்னால் இருந்தது. ஹிலாரியோ அதில் உட்கார்ந்தால் பிரேக்கை மிதிக்கத் துடைப்பக் கம்புதான் வேண்டும்.

"குண்டா, தப்பாப் போட்டுட்டியே. இவ்வளவு தள்ளிப் போட்டா கிழவன் கால் எட்டாது."

"அளவு அவன் குடுத்ததுதான்."

"யாரோட அளவ?"

குண்டன் கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். "நான் வெல்டிங்காரன். என்கிட்ட எதுவும் கேக்காத ஓஃபி. உன்னக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

அவளுக்குத் தலையில் ரத்தம் ஏறியது. அந்த நெட்டைக்காலிக்காகவா? அவளுக்கு ஓட்டக் கொடுப்பதற்காகவா இந்த வண்டியை என் கையால் தேய்க்க வைத்தான்? கையில் இருந்த ரப்பர்ச் சுத்தியலோடு எஞ்சின் பக்கம் போனாள்.

"அந்த ரீத்தாவுக்கா இருக்கை போடற? என் வீட்டுலயே வெச்சு, என்னையே தைக்கச் சொல்லி? எந்திரி. மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

ஹிலாரியோ நிமிர்ந்தான். கருகிய புருவம் வளர்ந்திருந்தது, நரைத்து வளர்ந்திருந்தது. அவளுடைய கையில் இருந்த சுத்தியலைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"எலிசேயோவுக்கு," என்றான்.

பட்டறையில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. குண்டன் போய் அதை நிறுத்திவிட்டு, தெருப்பக்கம் வெளியே போய்விட்டான்.

"பக்கத்துல உக்காந்திருந்தது அவன்தான். மாசத்துக்கு ஒரு தடவ அல்மாஃபுவெர்த்தேல பெட்ரோல் பங்குல பாத்துப்போம். ஒரு காப்பி குடிப்போம். அவ்வளவுதான்."

"எப்பலேர்ந்து?"

"மூணு வருஷமா."

"அப்ப ரீத்தா?"

"அடுக்களைச் சுவத்துல உங்கம்மா மாட்டின புனித ரீத்தா படம் இருக்குல்ல. நீ பேரு கேட்ட. எனக்கு வேற எதுவும் வாயில வரல."

சிரிக்க வேண்டிய இடம். வேறு எந்த நாளாக இருந்தாலும் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"பொம்பளையே இல்லாம ஏன்யா பொம்பளைன்னு சொன்ன? நாலு மாசமா நான் செத்துட்டிருக்கேன்."

"வேற என்ன சொல்றது? உன் புள்ள வீட்டுக்குப் பாதித் தூரம் வந்து நிக்கறான், மீதித் தூரம் வரமாட்டேங்கறான்னு சொல்லவா? ஒவ்வொரு தடவையும் கேப்பேன். 'அம்மா எப்படி இருக்காங்கன்னு மட்டும் சொல்லுப்பா, அதுக்கு மேல வேண்டாம்'பான்." அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "பொம்பளைன்னு சொன்னா நீ என்னைத் திட்டுவ. திட்டிட்டுப் போ. இதச் சொன்னா நீ உன்னையே தின்னுடுவ."

ஓஃபெலியா டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். "பொம்பளையாவே இருந்திருக்கலாம், கிழவா," என்றாள். அவள் மனசார அதைத்தான் சொன்னாள். ஒரு ரீத்தாவோடு அவள் சண்டை போட்டிருப்பாள், முடியைப் பிடித்து இழுத்திருப்பாள், ஜெயித்தும் இருப்பாள்.

பிறகு அவளுக்கு அந்தத் தரை ஞாபகம் வந்தது. வெள்ளைத் தகரம் தெரிய அவள் தேய்த்து எடுத்த இடம் அவளுடைய பிள்ளை உட்கார்ந்திருந்த இடம். அழுகை அப்போதுதான் வந்தது. முன்கட்டில் காத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் சத்தம் கேட்டு எழுந்து போய்விட்டார்.

"அவனுக்கு அடி எதாவது பட்டுச்சா?" என்று வெகுநேரம் கழித்துக் கேட்டாள்.

"வலது கை. எஞ்சின் மூடியத் திறக்கப் போனான், நான் இழுத்துட்டேன். ஆறிடுச்சு."

"நாலு மாசத்துக்கு முன்னால என் புள்ள கை வெந்திருக்கு."

"ஆறிடுச்சு கிழவி."

வண்டி எரிந்தபோது அப்பனும் மகனும் சாலையோரப் புல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்களாம். செய்வதற்கு ஒன்றும் இல்லை. அப்போது எலிசேயோ, "இதப் பந்தய வண்டி ஆக்கிடுப்பா, நான் ஓட்டறேன்," என்றானாம். சின்ன வயதில் மலைச்சாலைகளில் பந்தயம் நடக்கும்போது வேலி மேல் ஏறி நின்று கத்திய பயல் அவன். இப்போது தானிய லாரி ஓட்டுகிறான். ஆறு வருஷத்தில் அப்பனிடம் அவன் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். ஹிலாரியோவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. யாராலும் சொல்ல முடியாது.

"நான் இதுல வேலை செய்யறது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மெத்தையைப் பட்டறையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து படுக்கையறையில் போட்டாள். பிறகு இருக்கைக் கூட்டைத் தூக்கிக்கொண்டு முன்கட்டுக்குப் போனாள்.

இருக்கை தைப்பதில் கால் அளவு பெரிய காரியமில்லை. தோள்தான் காரியம். வளைவில் வண்டி ஒருபக்கம் சாயும்போது இருக்கையின் இரண்டு பக்கத் திண்டும் ஆளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தளர்வாக இருந்தால் உடம்பு அலையும். இறுக்கமாக இருந்தால் கை மரத்துப்போகும். ஹிலாரியோ கையை விரித்துக் காட்டி, "இவ்வளவு இருப்பான்," என்று ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு. என் புள்ள உடம்பு எனக்குத் தெரியாதா?"

பூட்டிய அறையைத் திறந்தாள். கதவுக்குப் பின்னால் எலிசேயோ விட்டுப்போன தோல் சட்டை மாட்டியபடி இருந்தது. அதுவும் அவள் தைத்ததுதான். அதைக் கொண்டுவந்து மேஜையில் விரித்துத் தோளிலிருந்து தோளுக்கு அளந்தாள். பஞ்சுக் கட்டியைச் சட்டைக்குள் திணித்து, அது நிறைந்து நிற்பதைப் பார்த்து, அந்த வடிவத்துக்குத் திண்டை வெட்டினாள். தீப்பிடிக்காத துணிக்குச் சொல்லி வரவழைத்தாள். நெருப்பைத் தாங்கும் நூலில் தைத்தாள். ஒவ்வொரு தையலையும் நகத்தால் இழுத்துப் பார்த்தாள். முதுகு படும் இடத்தில் மட்டும், அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வியர்க்கும் என்பதற்காக, காற்றுப் போகிற மாதிரி வலைத்துணி வைத்தாள். அந்த நாட்களில் அவள் மறுபடி சத்தமாகப் பேசினாள், ஹிலாரியோவைத் திட்டினாள், குண்டனைக் கிண்டல் செய்தாள். வீட்டில் யாரோ விருந்துக்கு வரப்போகிற மாதிரி இருந்தது.

ஊருக்குத் தெற்கே பந்தயத் தடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப்பார்க்க இடம் கிடைத்தது. ஓஃபெலியா சனிக்கிழமையே மாவு பிசைந்தாள். கறியோடு உலர்திராட்சையும் கொஞ்சம் சர்க்கரையும் உள்ளே வைத்து மடித்துச் சுடும் எம்பனாடா, எலிசேயோ பத்துக் குறையாமல் தின்பான். காலையில் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பாத்திரத்தைத் துணியில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஹிலாரியோ இழுவை வண்டி மேல் டொரினோவை ஏற்றிப் பட்டை போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான். சிவப்பு வண்ணம் புதிதாக மின்னியது.

"நானும் வர்றேன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சா வருவானா?"

ஹிலாரியோ ஏற்கெனவே இறுக்கிய பட்டையை மறுபடி இறுக்கினான். "வா கிழவி. தூரத்துல நின்னுக்கலாம். குண்டன் வண்டிக்குப் பின்னால நின்னா தெரியாது."

"தெரிஞ்சிட்டா இறங்கிப் போயிடுவான். ஒரு சுத்துகூட ஓட்டாம."

 அவள் கோட்டுப் பொத்தானைக் கழற்றினாள்.

"சாப்பாட்டையாவது குடு," என்றான் ஹிலாரியோ.

"வேண்டாம். ஒரு வாய் வெச்சா யாரு செஞ்சதுன்னு கண்டுபிடிச்சிடுவான். ரொட்டிக்கடையில எதாவது வாங்கிக்க."

அவன் போன பிறகு அவள் துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தெற்கிலிருந்து காற்றடித்தால் தடத்தின் சத்தம் ஊருக்குள் கேட்கும். அன்று காற்று அடித்தது. வண்டிகள் பல ஓடின. டொரினோவின் கனத்த குரல் அவளுக்குத் தனியாகத் தெரிந்தது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு நீளமாக. மலைப்பக்கத்து வளைவில் சத்தம் தணிந்து மறுபடி எழும்போதெல்லாம் அவளும் மூச்சை விட்டாள். ஈரத்துணி கையிலேயே இருந்தது. அவளுடைய பிள்ளை இவ்வளவு பக்கத்தில் வந்து ஆறு வருஷம் ஆகிறது.

சாயங்காலம் ஹிலாரியோ வந்தான். முகமெல்லாம் கரி, வாயெல்லாம் பல். அவளைப் பார்த்ததும் பல்லை மறைத்துக்கொண்டான்.

"நல்லா ஓட்டினானா?"

"பொறந்ததே அதுக்குத்தான்ங்கற மாதிரி ஓட்டினான் கிழவி. குண்டன் அழுதுட்டான். புகைன்னு சொல்றான், பொய்."

"இருக்கை?"

"ரொம்ப நல்லாருக்குன்னான். முதுகுல காத்து போகுதுப்பா, யாரு யோசிச்சுப் பண்ணினதுன்னான்."

 "நீ என்ன சொன்ன?"

"கொர்தோபா டவுன்ல ஒரு ஆளுன்னு சொன்னேன்." ஹிலாரியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "அந்த ஆளுக்கு நன்றி சொல்லச் சொன்னான்."

"சரியாத்தான் சொல்லியிருக்க," என்றாள் அவள். குரல் மெல்லத்தான் வந்தது. ஆறு வருஷத்துக்கு முன் வந்திருக்க வேண்டிய மெல்லிய குரல்.

"ஒரே ஒரு குறை. தோள் இறுக்குதாம். பத்துச் சுத்துக்கு மேல கை மரத்துப்போகுதாம். ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டச் சொல்ல முடியுமான்னு கேட்டான்."

"சட்டைக்குச் சரியாத்தானே வெட்டினேன்?"

"அந்தச் சட்டையெல்லாம் இப்ப அவனுக்குப் பத்தாது. மூட்டை தூக்கி மூட்டை தூக்கி ஆளு அகலமாயிட்டான்." சொல்லிவிட்டு ஹிலாரியோ அவள் முகத்தைப் பார்த்தான், சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தான்.

அவள் பட்டறைக்குப் போய் விளக்கைப் போட்டு, தடத்துப் புழுதியோடு நின்ற வண்டிக்குள் குனிந்து, நாலு போல்ட்டையும் தானே கழற்றி, இருக்கையை முன்கட்டு மேஜைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். துணியில் இன்னும் வியர்வை ஈரம் இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தையல் பிரிக்கும் கத்தியை எடுத்தாள்.

"எவ்வளவு எடுக்கணும்னு சொன்னானா?"

"ரெண்டு விரல் அகலம்."

"உன் விரலா?"

"இல்ல. அவன் விரல வெச்சுத்தான் காட்டினான்."

ஓஃபெலியா கத்தியைத் தையலில் வைத்தாள், பிறகு எடுத்துவிட்டாள். தன்னுடைய இரண்டு விரலைச் சேர்த்துத் திண்டின் மேல் வைத்துப் பார்த்தாள். ஹிலாரியோவின் கையைப் பிடித்திழுத்து அவனுடைய இரண்டு விரலையும் வைத்துப் பார்த்தாள். பிள்ளையின் விரல் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும், அல்லது இரண்டையும்விடத் தடிமனாக இருக்கும். சுண்ணாம்புக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கோட்டை எங்கே போடுவது என்று தெரியாமல் அவள் நின்றாள்.